ஊதி நூர்த்த கேஸ் அடுப்பு

மகள் கேஸ் அடுப்பு வாங்கிய புதிதில், எட்டு வயதுப் பேத்தி நிலாவுக்கு நான் தேத்தண்ணீர் போடப் பழக்கினேன். சீனி சிந்தினாள். "இந்தக் கையோட நீ கலியாணம் கட்டினா, மாப்பிள்ள புளியந்தீவுக் கடையிலதான் தேத்தண்ணி குடிப்பான்" என்று நக்கலடித்தேன்.

தண்ணீர் கொதித்ததும், குப்பிவிளக்கை ஊதி அணைக்கிற பழக்கத்தில், அடுப்பையும் ஊதியே நூர்த்தேன். முற்றத்தில் இருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு, முட்டை அவிக்க உள்ளே வந்து நெருப்புக்குச்சியை எடுத்தேன். நிலா என் கையை இறுகப் பிடித்தாள்.

"உரசாதீங்க அம்மம்மா. கேஸ் மணக்குது."

"உனக்கு மூக்கு நீளம் புள்ள."

அவள் விடவில்லை. தாய் காட்டித் தந்திருந்தபடி அடுப்பின் திருகியை மூடி, யன்னலைத் திறந்து, என்னை வெளியே இழுத்து வந்தாள். அங்கேதான் எனக்கு விளங்கியது. உரசியிருந்தால் இரண்டு பேரும் இல்லை.

மணம் போனபின், "இப்பிடித் திருகினாத்தான் நூரும். நீங்க ஒருக்காச் செய்ங்க" என்றாள். மாற்றித் திருகினேன். அவள் சிரிக்கவில்லை.

"ஓம், இன்னொருக்கா" என்றாள்.

பழக்குகிறவர்கள் நக்கலடிக்காமலும் பழக்கலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.