குட்டி ஜெட்டுக்குச் சந்தனம்

எங்கள் கீழ்க்கட்டளை வீட்டு ஹாலில், கண்ணாடி அலமாரிக்குள் நாற்பத்திரண்டு விமானங்கள் நிற்கின்றன. எல்லாம் உள்ளங்கை அளவு பொம்மைகள். பொம்மை என்று நான் சொல்லலாம். வேறு யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். மற்றவர்கள் இரண்டு மாடி ஜம்போவாகப் பார்த்துச் சேர்ப்பார்கள். எனக்கு, ஐம்பது பேர் மட்டும் ஏறுகிற, வாலுக்குப் பக்கத்தில் இன்ஜின் வைத்த குட்டி ஜெட்தான் உயிர். ஆபீஸ் வேலையாக நான் முதன்முதலில் பறந்தது அதில்தான்.

அதில் ஒரு மாடலை எட்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். முடிச்சூரில் ஒரு சாரிடம் இருந்தது. வெள்ளம் வந்தபோது கட்டிலையும் பீரோவையும் தண்ணீரோடு விட்டுவிட்டு, விமானங்களை மட்டும் மொட்டை மாடிக்கு ஏற்றிக் காப்பாற்றிய மனிதர். கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தேன். மூடிப்போன ஒரு விமானக் கம்பெனியின் ஜெட் என்னிடம் இருந்தது. அதைக் கொடுத்தால் இதைத் தருவார். ஒரே நிபந்தனை, மேலே ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது. விஜயதசமி லீவில் வருவதாகச் சொன்னார்.

முந்தின நாள் ஆயுத பூஜை. பொரியும் பூசணிக்காயும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால், சாமி படத்துக்கு முன்னால் அரிவாள்மனை, ஸ்க்ரூ டிரைவர், பக்கத்தில் என் நாற்பத்திரண்டு விமானங்கள். ஒவ்வொன்றின் மூக்கிலும் சந்தனம், குங்குமம். பைலட்டுக்கு வழியே தெரியாதபடி கண்ணாடி மேலேயும் ஒரு பொட்டு.

"யாரைக் கேட்டு வச்ச?" என்று கத்தினேன்.

"ஸ்கூட்டருக்கு வச்சேன், மிக்சிக்கு வச்சேன். அதுக்கெல்லாம் யாரைக் கேட்டேன்?" என்றாள் என் மனைவி. எடுக்கப் போன கையையும் தட்டிவிட்டாள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைக்கு முன்னால் தொடக் கூடாதாம்.

மறுநாள் சாருக்குக் கொடுக்க வேண்டிய ஜெட்டை எடுத்தபோது சந்தனம் நன்றாகக் காய்ந்திருந்தது. தண்ணீர் தொட்டுத் துடைத்தேன். வெள்ளை மூக்கில் மஞ்சள் அப்படியே நின்றது. புத்தி கெட்டுப்போய் அவளுடைய நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்துத் தேய்த்தேன். மஞ்சள் போனது. கூடவே கம்பெனி பெயரும் ஆறு ஜன்னல்களும் போயின.

சார் வந்தார். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஜெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்போல் தலையை ஆட்டினார்.

"பேரே இல்லையே சார்" என்றார். கொண்டுவந்த டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்துவிட்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "எல்லாம் இவ பண்ணது சார்" என்று கொஞ்சமும் மனசாட்சியில்லாமல் பழியை அவள் மேல் போட்டேன்.

அவள் சுண்டல் தட்டை அவர் முன்னால் வைத்தாள். பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, "பரவால்லமா, விடுங்க. இதுல நீங்க எதுல போயிருக்கீங்க?" என்று கேட்டார்.

"நான் எங்க சார் போனேன்? ஸ்கூட்டருக்குப் பொட்டு வச்சா, பத்திரமா ஓடணும்னு வேண்டிக்குவேன். இதுங்களுக்கு வைக்கும்போது, அடுத்த பூஜைக்குள்ள ஏதாவது ஒண்ணுலயாவது நான் ஏறணும்னு வேண்டிக்கிட்டேன். இவரைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு சார். அதான் சாமிகிட்ட கேட்டேன்."

முடிச்சூர் சார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஜெட்டில் பெயர் இல்லாததைக்கூட அவர் அப்படிப் பார்க்கவில்லை.