ஊதாக் கிண்ணம்

ஒரு கண்ணை மூடி, மறு கண்ணில் லென்ஸை ஒட்டி, மாங்கட்டைக்கு ரகசியம் சொல்கிறவளைப் போலக் குனிந்திருக்கிறாள் பத்மாசனி. ராஜபாளையத்துக் கல்லூரியில் தாவரவியல் நடத்திவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் இறங்கினால், மழைக்காலத்தில் அவள் கால்கள் முதலில் போவது மொக்கைச்சாமியின் விறகுக்கடைக்கு.

"எல்லாரும் காஞ்ச விறகு கேப்பாக. நீங்க மட்டுந்தான் டீச்சர் நமுத்துப்போனதத் தேடுதீக!"

"நமுத்ததுலதானே குடியிருக்கு!"

குடியிருப்பது கிண்ணப் பூஞ்சை. செத்த மரத்தில் முளைப்பது. கடுகளவு, மிஞ்சினால் மிளகளவு. லென்ஸுக்குள் அது ஓர் ஊர். ஆரஞ்சுத் தொட்டிகள், இமைமயிர் வைத்த சாம்பல் வட்டில்கள், ஒரு துளி மழையில் நிறைந்து வானம் காட்டும் குளங்கள். அங்கே போய்விட்டால் கூப்பிட்டாலும் காது கேளாது.

கிள்ளியதைத் தீப்பெட்டியில் வைப்பாள். "காபிக்கு அடுப்பு மூட்டலாம்னு திறந்தா உன் பூசணம்னா உக்காந்துண்டிருக்கு!" என்பார் கணவர் சாரங்கபாணி.

"குச்சி அடுத்த பெட்டியில இருக்கு, பாருங்கோ."

போன மழையில் ஓர் ஊதாக் கிண்ணத்தை அவசரப்பட்டுக் கிள்ளிவிட்டாள். மைக்ராஸ்கோப்பில் வித்துப் பைகள் இன்னும் முதிராமல் வெறுமையாக இருந்தன. வித்தின் வடிவம் தெரியாமல் பெயர் சொல்ல முடியாது. இந்த மழையில் அதே ஊதா, மொக்கைச்சாமியின் மாங்கட்டையில், ஒன்றே ஒன்று. தொடாமல், முதிரட்டும் என்று தினமும் வந்து பார்த்துப் போகிறாள்.

இன்று அந்தக் கட்டை, வேனில் விறகு ஏற்றும் உக்கிரபாண்டியின் தோளில் ஏறிவிட்டது. சோழபுரத்துக் கல்யாண வீட்டு வேன் உறுமிக்கொண்டு நிற்கிறது.

"ஏலே, செத்த நில்லு! டீச்சர் சாமான் அதுல இருக்கு," என்றார் மொக்கைச்சாமி.

"எடை போட்டாச்சுண்ணே. வேணும்னா பிச்சுக்கிடச் சொல்லுங்க. அங்க அண்டா காத்துக் கெடக்கு."

பிய்த்துவிடலாம். முதிராதிருந்தால் இன்னொரு வருடமும் பெயரில்லாமல் போகும். விட்டால் அடுப்புக்குப் போகும். பத்மாசனி பையிலிருந்து கண்ணாடித் தகட்டை எடுத்துக் கிண்ணத்தின் மேல் பிடித்தாள். முதிர்ந்த கிண்ணம் மூச்சுப் பட்டால் வித்தை விசிறும். மெதுவாக, ஒரே ஒரு மூச்சு விட்டாள்.

ஒன்றுமில்லை.

பிறகு, ஊதா விளிம்பிலிருந்து இழையாக ஒரு வெண்புகை எழுந்து தகட்டில் படிந்தது.

படிந்த வித்து கலைந்துவிடாதபடி அவள் முந்தானையால் தன் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, வேன் என்ஜினை அணைக்கும்படி கண்ணாலேயே கெஞ்சினாள்.