கேட்டால்தான் அவுட்

“மலையனூரு, மலையனூரு, வளத்தி, மலையனூரேய்…” என்று லூர்துநாதன் ஆரம்பித்துவிட்டால் செஞ்சி கடைத்தெருவில் படுத்திருக்கிற நாய்கள் எழுந்து வேறு இடம் பார்க்கும். பஸ் இன்னும் வந்திருக்காது. பெட்ரோலுக்குப் பதில் கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு எங்கேயோ ஒரு மேட்டில் இருமிக்கொண்டு நிற்கும். அதனாலென்ன, ஏறுகிற கூட்டத்தை இவன் இப்போதே சேர்த்து வைத்துவிடுவான். திருவண்ணாமலைக்குப் போக வந்தவர்கள்கூட இவன் கூப்பிடுகிற தோரணையைக் கேட்டு ஒரு நிமிஷம் யோசிப்பதுண்டு.

பஸ் ஏஜெண்ட் உத்தியோகம். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் மாதா சுரூபம் கோத்த கறுப்புக் கயிறு. “கும்புடறது மாதாவ, ஆள் கூப்புடறது அங்காளம்மனுக்கா?” என்று யாராவது சீண்டினால் முகம் சுளிக்க மாட்டான். “நான் பஸ்ஸுக்குக் கூப்புடறேன். கோயிலுக்கு அந்த அம்மா கூப்புட்டுக்குது” என்பான்.

செஞ்சி கிரிக்கெட் டீமில் அவனுக்கு இடம் கிடைத்ததும் அந்தத் தொண்டையால்தான். மட்டை பிடித்தால் கடைசி ஆள். பந்து போடச் சொன்னால் அம்பயரே பயந்து ஒதுங்குவார். ஆனால் கிரிக்கெட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. அடிக்கிறவன் அவுட்டே ஆகியிருந்தாலும், பந்து போடுகிற கட்சியில் யாராவது கேட்டால்தான் அம்பயர் விரலைத் தூக்கலாம். கேட்கிற வேலையை லூர்துநாதன் எடுத்துக்கொண்டான். அம்பயருக்குப் பக்கத்திலேயே நின்று, ‘ஹவ் இஸ் தட்’ என்பதை “அவுஸாட்” என்று ஒரு போடு போட்டால் அது கோட்டை இருக்கிற ராஜகிரி மலையில் முட்டித் திரும்பி வரும். அரைகுறை அவுட்டும் அதில் முழு அவுட் ஆகிவிடும். நாளடைவில் மற்ற பத்துப் பேரும் கேட்கிற பழக்கத்தையே விட்டுவிட்டார்கள். “எல்லாரும் கத்தினா அது சந்தை. ஒருத்தன் கேட்டாத்தான் கேள்வி” என்று அவர்களுக்குப் பாடமும் சொல்லி வைத்திருந்தான்.

மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்கி முடிந்து, கோட்டைக்குக் கீழே நிலம் காலியாகி, பந்து குத்துகிற இடத்தில் தேங்காய்நார்ப் பாயை விரித்து ஆணி அடித்தால் தாலுகா லீக் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இந்த வருஷம் முதல் ஆட்டம் திண்டிவனத்தாரோடு. அது தை அமாவாசைக்கு மறுநாளாகப் பார்த்து வாய்த்தது. அமாவாசைக்கு மலையனூருக்கு ஸ்பெஷல் பஸ்கள். விடிய விடியக் கூப்பிட்டுவிட்டுக் காலைப் பூசைக்குப் போய்ப் பாட்டுக்கு வாயைத் திறந்தவனுக்கு வெறும் காற்றுதான் வந்தது. வீட்டில் மனைவி இருதயமேரி சுக்கைத் தட்டிக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். “ஒரு நாளு பேசாம கெட. ஊட்டுக்கும் நல்லது” என்றாள்.

கேப்டன் கோதண்டராமனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் இடம் போய்விடுமே. மைதானத்து ஓரத்தில் தாண்டவராயன் என்கிற பையன் சலவைக் கால்சட்டையோடு தயாராக நின்றான். அவன் மட்டையும் பிடிப்பான், பந்தும் போடுவான். லூர்துநாதன் எல்லோரையும் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

செஞ்சி முதலில் ஆடி, போதுமா போதாதா என்கிற அளவுக்கு ஓட்டம் எடுத்தது. பிறகு திண்டிவனத்தார் ஆடினார்கள். அவர்களுடைய பெரிய ஆட்டக்காரனின் மட்டையில் உரசிய பந்து, பின்னால் நின்றவனின் கைக்குள் போய் உட்கார்ந்தது. பத்துப் பேரும் நிதானமாக லூர்துநாதனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வாயைத் திறந்தான். ஈர விறகை ஊதுவதுபோல் ஏதோ ஒன்று வந்தது. அதற்குள் அடுத்த பந்தும் போட்டாகிவிட்டது, இனிக் கேட்டாலும் செல்லாது.

அம்பயர் ராமகிருஷ்ணன், பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். கோதண்டராமன் போய் நியாயம் கேட்டதற்கு, “யாருமே கேக்கலியே சார். கேக்காம எப்டி குடுக்கிறது?” என்றார். அதுவும் சரிதான்.

கோதண்டராமன் நேரே இவனிடம் வந்தார். “தொண்ட போச்சுன்னு சொல்றதுக்கு இன்னா? கேக்கறதுக்குத்தான உன்ன வெச்சிருக்குது. அடுத்த ஆட்டத்துக்குத் தாண்டவராயன் எறங்கட்டும், லூர்து.”

அடுத்த ஆட்டம் என்றால் மிச்ச ஆட்டம் எல்லாமே என்று லூர்துநாதனுக்குத் தெரியும். கடைத்தெருவில் அவன் ஏஜெண்ட். இந்தப் பாய்க்குப் பக்கத்தில்தான் அவன் ஆட்டக்காரன். அது போனால் ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன அர்த்தம்? அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

தப்பிப் பிழைத்த அந்தப் பெரிய ஆட்டக்காரன் கடைசிவரை அசையவில்லை. கடைசி ஜோடி, சமன் செய்ய ஒரு ஓட்டம், ஜெயிக்க இரண்டு. அவன் பந்தை மெதுவாக லூர்துநாதன் பக்கம் தட்டிவிட்டு ஓடினான். அங்கே தட்டினால் ஓட்டம் என்பது திண்டிவனம் வரை தெரிந்த சங்கதி. லூர்துநாதன் பாய்ந்து, ஒற்றைக் கையால் அள்ளி எறிந்தான். குறி பார்த்துத்தான் எறிந்ததாக இன்று வரை சொல்லிக்கொண்டிருக்கிறான், நம்புகிறவர்கள் நம்பலாம். அம்பயர் காலடியில் குச்சிகள் மூன்றும் பிய்த்துக்கொண்டு போயின. ஓடிவந்தவன் இன்னும் ஒரு முழம் வெளியே இருந்தான்.

ராமகிருஷ்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தார். லூர்துநாதன் அவர் முன்னால் போய் நின்று, கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

“அவுஸாட்” என்று எங்கிருந்தோ ஒரு கீச்சுக்குரல் வந்தது. கோதண்டராமன்தான். கேட்டுப் பழக்கமில்லாத குரல். உடனே மற்ற ஒன்பது பேரும் சேர்ந்துகொண்டார்கள். எல்லைக் கோட்டருகே மல்லாட்டை விற்கிற பவுனம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். வேடிக்கை பார்க்க வந்த ஊரே கேட்டது. டிரில் மாஸ்டர் விரலைத் தூக்கினார்.

செஞ்சி ஒரு ஓட்டத்தில் ஜெயித்தது. கோதண்டராமன் ஓடிவந்து இவனைக் கட்டிக்கொண்டார். “வாயில துணி கட்டிக்கினு வந்தாக்கூட உனுக்கு எடம் உண்டுடா” என்றார். லூர்துநாதன் மெதுவாக அவர் பிடியிலிருந்து விலகினான். கத்திக் களைத்த கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றான். ஒரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, மறு கையால் ‘இன்னொரு தரம்’ என்று சைகை காட்டினான்.