இலையின் அடிப்பக்கம்

தொண்ணூறுகளில் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஜீப் ஓட்டினேன். "செத்த எறும்பு பொறுக்கவா காட்டுக்குப் போறே?" என்று மர்பி டவுனில் எங்கள் தெருவே சிரிக்கும். அது சாதாரண எறும்பல்ல. ஒரு பூஞ்சை அதன் உடம்புக்குள் புகுந்து, செடியில் ஏறவைத்து, இலை நரம்பைக் கடித்தபடியே சாகவைக்கும். பிறகு பிடரியைப் பிளந்துகொண்டு குச்சி போல முளைக்கும்.

முதல் முறை ஆராய்ச்சி மாணவர்கள் அதைத் தேடி குடகுக் காட்டில் இரண்டு நாள் அலைந்தும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நானும் தேடட்டுமா என்றேன். "அண்ணா, நீங்க வண்டியப் பாருங்க, எறும்ப நாங்க பாத்துக்கறோம்" என்றார் ஒரு மாணவர். எனக்குச் சுருக்கென்றது.

மூன்றாம் நாள், ஆயில் ஒழுகுகிறதா என்று பார்க்க ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். தலையைத் திருப்பினால், பக்கத்துச் செடியில் இலைக்கு இலை அடிப்பக்கத்தில் எறும்புகள், நரம்பைக் கவ்வியபடி, பிடரியில் குச்சியோடு! படித்தவர்கள் அத்தனை பேரும் நின்றுகொண்டு மேல்பக்கத்தையே பார்த்திருக்கிறார்கள்.

"மேடம், எறும்பு வேணும்னா இங்க வந்து படுங்க!" என்று கத்தினேன். குழுவின் தலைவியான மேடம் யோசிக்காமல் வந்து படுத்தார்.

அடுத்த பயணத்துக்கு முன் நிறுவனத் தோட்டத்தில் மாணவர்களுக்குப் பயிற்சி நடந்தது. "டிரைவர் எப்படிப் படுக்கச் சொல்றாரோ, அப்படிப் படுங்க" என்றார் மேடம். எழுந்தபோது, என்னை வண்டியைப் பார்க்கச் சொன்ன அந்த மாணவரின் வெள்ளைச் சட்டை முழுக்கச் செம்மண். என் காக்கிச் சட்டையில் துளி மண் இல்லை.