துண்டில் குத்திய ஊக்குகள்

சலவைக்கடையில் அவளை எல்லோரும் கறையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாகக் கறை எடுக்கிறாள். சொந்தப் பெயரைக் கேட்டால் முதலாளியே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். கடையின் பின்பக்கம், நீராவிக் குழாய்க்குக் கீழே, தகடு போட்ட மேசை ஒன்று. அதன்மேல் ஆறு குப்பிகள், நாலு தூரிகைகள், பழைய வெள்ளைத் துணிக் கட்டு ஒன்று. அவ்வளவுதான் அவள் ராஜ்யம். மையோ ரத்தமோ துருவோ, எது வந்தாலும் முதலில் மோந்து பார்ப்பாள், பிறகு வெளிச்சத்தில் பிடிப்பாள், அப்புறம் துணியின் உள்தையலில் ஒரு சொட்டு விட்டுக் காத்திருப்பாள். புதிதாக வந்த பெண்கள் அவசரப்பட்டு இரண்டு குப்பியை அடுத்தடுத்துக் கவிழ்த்தால் துணியைக் கையிலிருந்து பிடுங்கிவிடுவாள்.

"ரெண்டையும் ஊத்திட்டே. கறை போச்சுன்னா எதால போச்சுன்னு சொல்லுவே? ஓட்டை விழுந்தா எதால விழுந்துச்சுன்னு சொல்லுவே?"

அப்படிப்பட்டவள்தான் வீட்டில் அதே தப்பைச் செய்தாள். மூடி மறைக்க இதில் ஒன்றுமில்லை.

அவளுக்கு ஒரே மகள், எட்டு வயது. வீட்டில் குட்டிம்மா. ஆட்டிசம் என்று மூன்று வயதிலேயே சொல்லிவிட்டார்கள். பேச்சு இல்லை. வேண்டியது கிடைக்காவிட்டாலும், வேண்டாதது வந்து சேர்ந்தாலும், வலது கையின் மேல்புறத்தைக் கடித்துக்கொள்வாள். கடித்துக் கடித்து அந்த இடம் காய்ப்புக் காய்த்துவிட்டது. ஐந்து வயதில் வலிப்பும் வந்து சேர்ந்தது. காலையில் அரை மாத்திரை, மாலையில் அரை மாத்திரை. டாக்டர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது என்று சீட்டிலேயே கோடு போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

காலை வகுப்புக்கு வரும் பயிற்சி டீச்சர் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். சின்னச் சின்னப் படங்கள்: பந்து, தண்ணீர், ரொட்டி, 'போதும்' என்பதற்கு ஒரு கை. பிள்ளை படத்தை எடுத்து உங்கள் கையில் வைத்தால் அந்தப் பொருளை உடனே கொடுக்க வேண்டும். கேட்பதற்கு ஒரு வழி கிடைத்துவிட்டால் கடிப்பது குறையும்; பல இடங்களில் பல பிள்ளைகளிடம் செய்து, எண்ணிப் பார்த்த வழி இது என்றார். "உங்க பிள்ளைக்கு எவ்வளவு பலிக்கும்னு நாமளும் எண்ணித்தான் பாக்கணும். கடிக்கிறதை எழுதி வைங்க."

எழுத நேரம் எங்கே இருக்கிறது? கறையக்கா சமையலறை ஆணியில் ஒரு துண்டைத் தொங்கவிட்டு, கடையில் துணிக்கு அடையாளச் சீட்டுக் குத்தும் ஊக்குகளை ஒரு டப்பாவில் கொண்டுவந்து வைத்தாள். ஒரு கடிக்கு ஒரு ஊக்கு. மேல் வரிசை காலை, நடு வரிசை மதியம், கீழ் வரிசை மாலை. மறுநாள் வேறு துண்டு. ஆரம்பத்தில் நாளுக்குப் பதினைந்து ஊக்கு.

அதே வாரம்தான் நாத்தனார் ஒரு சொட்டு மருந்து பாட்டிலோடு வந்தார். நாத்தனார் இவர்கள் கூடவே இருப்பவர், தம்பியை, அதாவது கறையக்காவின் வீட்டுக்காரரை, வளர்த்தவர், மதியம் முழுக்கக் குட்டிம்மா அவர் பொறுப்பு; மதிய ஊக்கும் அவர்தான் குத்துவார். தெரிந்தவர் பிள்ளை ஒன்று இந்தச் சொட்டில் பேசவே ஆரம்பித்துவிட்டதாம். 'அக்கா மனசுக்கு ஒரு ஆறுதல், இருந்துவிட்டுப் போகட்டும்' என்று கறையக்கா விட்டுவிட்டாள். இரண்டு குப்பியும் ஒரே வாரத்தில் கவிழ்ந்தது அப்படித்தான்.

ஒரு மாதத்தில் பதினைந்து ஊக்கு ஆறாகக் குறைந்தது.

"பாத்தியா சொட்டை?" என்றார் நாத்தனார்.

"படம் குடுத்ததால இருக்கலாம் அக்கா."

"காகிதம் பிள்ளைய குணமாக்குமா? நீ துணியப் பத்திப் பேசு, ஒத்துக்கறேன்."

அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். சொட்டு கொடுத்த மருந்துக்காரர் அடுத்த கட்டத்துக்கு அழைத்தார். அவருடைய இடத்தில் நாற்பது நாள் தங்க வேண்டும், கூட ஒரு பெண் துணை வேண்டும். வருவதற்கு மூன்று நாள் முன்னாலேயே மற்ற மருந்தை எல்லாம் நிறுத்திவிட வேண்டும். மற்ற மருந்து என்றால் வலிப்பு மாத்திரை.

கறையக்கா முடியாது என்றாள். அவள் வீட்டுக்காரர் ரொட்டி வண்டி ஓட்டுகிறவர், விடிவதற்குள் கிளம்பி மதியம் வந்து படுப்பார். கெட்ட மனிதரில்லை. மகள் 'அப்பா' என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் போதும் என்று எட்டு வருடமாகக் காத்திருப்பவர். அந்த ஆசைதான் அவரை ஆட்டி வைத்தது.

"குணமாகிட்டு வருது, இப்பப் போய்த் தடுக்கறியே," என்றார்.

"எதால குணமாகுதுன்னு தெரியாமத்தாங்க தடுக்கறேன். துணிக்கு உள்தையல் இருக்கு, தப்பாப் போனா யார் கண்ணுலயும் படாது. பிள்ளைக்கு உள்தையல் எங்கே இருக்கு? பதினாலு நாள் குடுங்க. சொட்டை மட்டும் நிறுத்துவோம். படம் இருக்கட்டும், மாத்திரை இருக்கட்டும். ஊக்கு ஏறுச்சுன்னா நான் வாயத் திறக்கல."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையசைத்தார். பதினான்காம் நாள் புதன்கிழமை. அன்று ஊக்கு ஆறுக்குமேல் இருந்தால் வியாழன் காலை மாத்திரை நிற்கும், ஞாயிற்றுக்கிழமை பயணம். வாடகை வண்டிக்கும் சொல்லிவைத்தாயிற்று.

முதல் நாள் ஏழு ஊக்கு. மூன்றாம் நாள் ஒன்பது. ஐந்தாம் நாள் பதினொன்று.

கடையில் அன்று ஒரு கல்யாணப் பட்டில், உள்தையலில் சொட்டு விட்டுப் பார்க்காமலே குப்பியைச் சாய்க்கப் போனாள். பத்தொன்பது வருடத்தில் செய்யாத தப்பு. நான்தான் தப்போ, பிடிவாதத்தில் பிள்ளையை வாட்டுகிறேனோ என்று மனசு அரித்தது. நாத்தனார் வெற்றி கொண்டாடவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. பிள்ளையின் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே அழுதார். "ரத்தம் கட்டியிருக்கு பாரு. உன் பந்தயத்துக்கு இவதான் ஆளா?"

அன்று மாலை துண்டைக் கழற்றும்போது, பழக்கதோஷம், ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள். கறையின் ஓரம் எங்கே முடிகிறது என்று பார்ப்பதுபோல. மேல் வரிசையில் ஒரே ஊக்கு. கீழ் வரிசையில் இரண்டு. மற்ற எட்டும் நடுவில், மதியத்தில், தோரணம் கட்டியதுபோல நெருங்கிக் கிடந்தன. முந்தின நாள் துண்டுகளையும் எடுத்து விரித்தாள். எல்லாவற்றிலும் அதே கதைதான். சொட்டு நின்றதுதான் காரணம் என்றால் காலையிலும் மாலையிலும் ஏன் கூடவில்லை?

மறுநாள் மதியத்துக்கு மேல் லீவு கேட்டாள்.

"இன்னைக்கா? பட்டுப்புடவை பதினொண்ணு கிடக்கு," என்றார் முதலாளி.

"அது நாளைக்கும் பேசாமக் கிடக்கும். என் பிள்ளை கடிச்சுக்கறா."

முதலாளி புடவைக் கட்டை எடுத்து அலமாரியில் வைத்தார்.

வீட்டில் ஒரு மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். உள்ளறையில் வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். குட்டிம்மா தரையில் உட்கார்ந்து பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கினாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து படங்கள் ஒட்டிய பலகைப் பக்கம் போனாள். கை படத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் நாத்தனார், "தண்ணி வேணுமா தங்கம்?" என்று டம்ளரோடு குறுக்கே வந்து நின்றார். பிள்ளை டம்ளரைத் தள்ளினாள். "அப்ப ரொட்டி?" ரொட்டித் துண்டு வாய்க்கே போனது. "பந்தா, பந்து வேணுமா?" பந்து மடியில் விழுந்தது. குட்டிம்மாவின் முகம் சுருங்கியது, தோள் ஏறியது, கை வாய்க்குப் போனது.

ஒரு ஊக்கு.

"அக்கா," என்றாள் கறையக்கா மெதுவாக, "அவ கேக்கறதுக்கு முன்னாடியே குடுக்கறீங்க."

"கேக்கறதுக்கு முன்னாடி குடுக்கறதுதானே பாசம்?"

"படத்தை எடுக்க விடுங்களேன்."

"வாயில்லாப் பிள்ளை பசியில தவிக்கும், நான் கையக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமா? நான் என்ன கல்லா?"

"சரி அக்கா. சொட்டு குடுத்தப்பவும் இப்படித்தான் ஓடி ஓடிக் குடுத்தீங்களா?"

"அப்ப எங்கே விட்டாங்க? மதியம் சொட்டு குடுத்தா ரெண்டு மணி நேரம் யாரும் பேசக் கூடாது, தொடக் கூடாதுன்னு மருந்துக்காரர் கண்டிப்பாச் சொல்லிட்டாரு. நான் அந்தக் கதவோரமா உட்கார்ந்து பாத்துக்கிட்டே இருப்பேன். அவ பாட்டுக்கு மூடிய அடுக்கிக்கிட்டு இருப்பா."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது நாத்தனாரின் காதிலேயே விழுந்தது. டம்ளரைக் கீழே வைத்தார். கறையக்கா ஒன்றும் சொல்லவில்லை. இந்த மாதிரி நேரத்தில் பேசினால் எதிராளி கதவைச் சாத்திக்கொள்வார் என்பது கறையோடு வரும் வாடிக்கையாளர்களிடம் கற்றது.

"அப்ப என் கையாலதான் கடிக்கிறாங்கறியா?" நாத்தனார் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"உங்க அவசரத்தால. எனக்கும் அதே அவசரம் உண்டு, டீச்சர்தான் என் கையைப் பிடிச்சு நிறுத்தினாங்க. அஞ்சு எண்ணுங்க அக்கா. அஞ்சு வரைக்கும் எண்ணிட்டு அப்புறம் குடுங்க."

நாத்தனார் எண்ணினார். எண்ணினார் என்றால் சும்மாவா, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்து, நெருப்பில் உட்கார்ந்தவர்போல எண்ணினார். எண்ண ஆரம்பித்த முதல் நாள் பெரிய பலனில்லை, பத்து ஊக்கு. டீச்சரைக் கேட்டபோது, பழகிய வழி மாறினால் முதலில் கொஞ்சம் கூடலாம், ஆனால் நாலு நாளுக்கு மேல் கூடிக்கொண்டே போனால் தன்னைக் கூப்பிடுங்கள், வந்து பார்த்து மாற்றிச் செய்வோம் என்றார். எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் சொல்லவில்லை. அதனாலேயே கறையக்காவுக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

எட்டாம் நாள் எட்டு. பத்தாம் நாள் ஆறு. பன்னிரண்டாம் நாள் ஆறு. அசையவில்லை. பதினான்காம் நாள் புதன்கிழமை மாலை நாலு.

நாலு குறைவுதான். ஆனால் நாலும் கடிதான், பூஜ்யம் இல்லை. வீட்டுக்காரர் துண்டிலிருந்த ஊக்குகளை விரலால் தொட்டு எண்ணிவிட்டு உள்ளே போனார்.

வியாழன் காலை மாத்திரை டப்பாவைத் திறந்தால் அட்டை இல்லை.

கறையக்கா அலமாரி, மேசை, குப்பைக்கூடை வரை தேடிவிட்டு நிமிர்ந்தாள். அவர் வேலைக்குப் போகாமல் சட்டை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் அட்டையின் ஓரம் மினுங்கியது.

"ஏழரைக்குக் குடுக்கணும்," என்றாள்.

"நாலு கடி இருக்கு. அங்கே போனா ஒண்ணுகூட இருக்காதுன்னு மருந்துக்காரர் சொல்றாரு."

"யார் எண்ணினாங்களாம்? போன் போட்டுக் கேளுங்க. என் முன்னாடி கேளுங்க. எத்தனை பிள்ளைங்க வந்தாங்க, எத்தனை பேரு வந்தபடியே திரும்பிப் போனாங்க. அதுக்குப் பதில் இருந்தா நானே பெட்டி கட்டறேன்."

அவர் போன் போட்டு மேசைமேல் வைத்தார். மருந்துக்காரரின் குரல் கனிவாகத்தான் இருந்தது. குணமான பிள்ளைகளின் பெற்றோர் எழுதிய கடிதங்கள் சுவர் நிறைய இருக்கின்றன என்றார். குணமாகாதவர்கள் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, நம்பிக்கை இல்லாதவர்கள்தான் கணக்குக் கேட்பார்கள் என்றார்.

வீட்டுக்காரர் போன் பக்கம் குனிந்தார். "ஐயா, மாத்திரைய நிறுத்தினா வலிப்பு வராதுங்களா?"

"முதல் நாலஞ்சு நாள் கொஞ்சம் இழுக்கும். உடம்புல இருக்கிற விஷம் வெளிய வர்ற அறிகுறி அது. யாரும் பயந்து ஆஸ்பத்திரிக்கு மட்டும் தூக்கிட்டு ஓடிறக் கூடாது."

வீட்டுக்காரர் மகள் பக்கம் திரும்பினார். முதல் வலிப்பு வந்தது ரொட்டி வண்டியில், அவர் பக்கத்து இருக்கையில். உதடு நீலம் பாய்ந்த பிள்ளையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் ஓட்டி, நாலு சிவப்பு விளக்கைத் தாண்டி ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியவர் அவர். அன்று வாங்கிய அபராதச் சீட்டை இன்னும் கிழிக்கவில்லை.

சுவரில் மணி ஏழு முப்பத்தைந்து.

"நான் துணைக்கு வரல," என்றார் நாத்தனார், சமையலறை வாசலில் நின்றபடி. "சொட்டு கெட்டதுன்னு சொல்ல மாட்டேன், அது வேற பேச்சு. ஆனா இழுக்கறதைப் பாத்துக்கிட்டு உட்காரச் சொல்றாரு பாரு, அதுக்கு என்னால அஞ்சுகூட எண்ண முடியாதுடா."

போனில் அந்தக் குரல் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் அதை அணைக்கவில்லை, அணைக்கத் தோன்றவும் இல்லை. சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். மாத்திரையைப் பாதியாக உடைக்க வரவில்லை. கறையக்கா வாங்கி உடைத்து, பாதியை அவர் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்தாள்.

"நீங்களே குடுங்க."

அவர் மகள் முன்னால் மண்டியிட்டார். குட்டிம்மா அவரைப் பார்க்கவில்லை, மூடிகளைத்தான் பார்த்தாள். ஆனாலும் வாயைத் திறந்தாள். தண்ணீர் குடித்தாள். தாடையில் வழிந்ததை அவர் சட்டைக் கையால் துடைத்தார்.

"நாலு மூணாக எத்தனை நாளாகும்?" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

"தெரியாதுங்க. டீச்சருக்கும் தெரியாது."

"பேசுவாளா?"

"அதுவும் தெரியாது."

அவர் எழுந்து, வாடகை வண்டிக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று சொல்ல வெளியே போனார்.