மடியில் இருந்த பை

அக்கா வந்ததும் நாற்காலியில் உட்காருவார். பையை மேசைக்கு அடியிலுள்ள கொக்கியில் மாட்டமாட்டார். மடியில் வைத்து, அதன் வாரை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வார். பிறகு ஒரு கையால் தட்டை இழுத்து வேலையைத் தொடங்குவார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கப் போகிறவர் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும்.

எங்களுடையது மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும் இடம். மெஷின் மாமா தேய்ப்பார், அக்கா கடைசியாகச் சரிபார்ப்பார், நான் உறையில் போட்டுக் கடைகளுக்கு அனுப்புவேன். அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. முடி அளவு கீறலையும் விடமாட்டார்.

"மாமா, இது லென்ஸா, பாட்டிலோட அடியா?"

"கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு வந்துட்டாம்மா!" என்பார் மாமா. அன்றைய பொழுது அப்படித்தான் விடியும்.

அதெல்லாம் பழைய கட்டடத்தில். அக்கா வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. கொக்கியில் பை, முகத்தில் சிரிப்பு.

பிறகு நகரத்தின் மறுமுனைக்கு மாறினோம். எனக்கு வீடு பக்கமானது. அக்காவுக்கு இரண்டு பேருந்து, ஒன்றே முக்கால் மணி நேரம், பெரும்பாலும் நின்றபடி. வந்த முதல் வாரமே பேருந்து நேரங்களை விசாரித்து, ஏழு மணிக்கு மேல் உள்ளவற்றைப் பெரிய தாளில் கொட்டை எழுத்தில் எழுதி, அறிவிப்புப் பலகையில் நான்கு குண்டூசி குத்தி வைத்தேன். வாய் திறந்து ஆறுதல் சொல்லத் தெரியாதவனால் முடிந்தது அவ்வளவுதான்.

மெல்ல மெல்ல அக்கா அங்கே இல்லாமல் போனார். வருவார், ஆனால் இருக்கமாட்டார். வாரத்தில் ஒரு அரைநாள் விடுப்பு, அப்புறம் இரண்டு. நாலரைக்கே கண் கடிகாரத்தில். மாமா வம்புக்கு இழுத்தாலும், "ஆமா மாமா" என்று முடித்துவிடுவார். அந்த "ஆமா"வை மாமாவால் தாங்க முடியவில்லை. "சண்டை போடாட்டா எனக்குத் தேய்க்கவே வரலடா" என்று என்னிடம் புலம்பினார்.

தாமதத்துக்கு மேலாளர் ஒருநாள் கூப்பிட்டார். "எல்லா வசதியும் பண்ணிக் கொடுத்தாச்சு. இதுக்கு மேல என்னம்மா பண்றது?"

வெளியே வந்த அக்கா முணுமுணுத்தார்: "என்ன வசதி? அந்தச் சுத்தாத மின்விசிறியா?"

ஆறாவது மாதம் அது நடந்தது. ஒரு கடையிலிருந்து ஒரு ஜோடி திரும்பி வந்தது. போட்டுக்கொண்ட அம்மாளுக்குப் படிக்கட்டெல்லாம் சாய்ந்து தெரிந்ததாம். வலது லென்ஸ் இடது பக்கம், இடது வலது பக்கம். வலதில் சிவப்புப் புள்ளி வைப்பதுதான் எங்கள் வழக்கம். அந்தப் புள்ளியையே மாற்றி வைத்திருந்தார் அக்கா. பதினொரு வருடத்தில் முதல் முறை.

யாரும் திட்டவில்லை. அதுதான் அவரை உடைத்தது. மதியம் என் மேசைப் பக்கம் வந்து, பையைத் திறந்து, நான்காக மடித்த ஒரு தாளைக் காட்டினார். மடிப்புகள் நைந்திருந்தன.

"ராஜினாமா. மூணு மாசமா சுமக்கறேன். இன்னைக்குக் கொடுத்துடறேன் தம்பி. அந்தம்மா விழுந்திருந்தா?"

"வேலை பிடிக்கலையாக்கா?"

"வேலையா? வேலை என்ன பண்ணுச்சு? வந்து சேரும்போதே நான் தீர்ந்து போயிடறேன். மிச்சம் இருக்கறதுதான் இங்க உக்காருது."

முந்தின வாரம் அவசரமான ஒரு பொட்டலத்தை வாங்க அக்கா இருக்கும் பகுதிக்கு விடியலில் போனதும், அங்கிருந்து திரும்பியதும் நினைவுக்கு வந்தன.

"ஆறு மணி பஸ் காலியா இருக்குக்கா. ஜன்னல் சீட்டு. ரெண்டாவது பஸ்ஸும் உடனே கிடைச்சுது. அம்பது நிமிஷம்தான்."

"அவ்வளவு சீக்கிரம் வந்து பூட்டுக்குக் காவல் இருக்கவா? ஒம்பதுக்குத்தான வேலை?"

உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது. ஒட்டுக் கேட்டிருக்கிறார். "பூட்டு ஏது? மெஷின் சூடேற நான் ஆறரைக்கே தொறக்கறேன். ஏழுக்கு வா, மூணுக்குப் போ. போய்க் கேளும்மா, கேட்டா கொம்பா முளைச்சிடும்?"

அக்கா தாளின் மடிப்பை விரலால் நீவினார். பிறகு அதைப் பையில் போட்டுவிட்டு மேலாளர் அறைக்குள் போனார். மாமா மெஷினை நிறுத்திவிட்டார்.

இரண்டே நிமிடம். வெளியே வந்தவர் முகத்தில் குழப்பமும் சிரிப்பும் கலந்திருந்தன.

"சரின்னுட்டார். 'இதைக் கேக்கவா ஆறு மாசம்?'ங்கறார். குத்திக் காட்டாம விடுவாரா மனுஷன்!"

மறுநாள் நான் ஒன்பதுக்குப் போனபோது பாதித் தட்டுகள் முடிந்திருந்தன. அக்காவின் மடி காலியாக இருந்தது. குனிந்து பார்த்தேன், பை கொக்கியில் தொங்கியது. மூன்று மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், நடைபோகிறவர் மாதிரி கிளம்பினார். அந்த வாரக் கடைசியிலேயே மாமாவின் லென்ஸ் ஒன்று அக்காவிடமிருந்து அவருக்கே திரும்பிப் போனது.

"மாமா, இது யாருக்கு? மீனுக்கா?"

மாமா அகம் குளிர்ந்துபோய்த் திட்டினார்.

மூன்று மாதம் கழித்துச் சுவருக்கு வண்ணம் அடிக்க அறிவிப்புப் பலகையைக் கழற்றச் சொன்னார்கள். என் பேருந்துத் தாளை எடுத்தேன். அதற்கு அடியில் இன்னொரு தாள் இருந்தது, மேலாளர் கையெழுத்தோடு. தொலைவிலிருந்து வருகிறவர்கள் காலை ஏழிலிருந்து மூன்று வரை வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. நாங்கள் இந்தக் கட்டடத்துக்கு வந்த முதல் நாளின் தேதி. நான்கு மூலையிலும் என் குண்டூசிகளின் துளைகள்.