துலுக்காணத்துக்குத் தெரிந்த இங்கிலீஷ்

பொன்னேரிக்கு வடக்கே ஒரு லெவல் கிராசிங்கில் பதினோரு வருஷமாகக் கேட்மேன் வேலை பார்த்தவர் துலுக்காணம். பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து மீன்கூடையோடு ரயிலுக்கு ஓடிவரும் பெண்கள் அவரைத் திட்டாத நாள் கிடையாது. அவசரத்தில் வருகிறவர்கள் மூஞ்சிக்கு நேரே கேட்டைச் சாத்தினால் பூமாலையா போடுவார்கள்? மனிதர் எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

படிப்பு மூன்றாம் வகுப்பு. இங்கிலீஷில் அவருக்கு எழுதத் தெரிந்தது ஒரே ஒரு வார்த்தை, ‘டீடெய்ன்டு’. சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றுவிட்டால் கேட் ரிஜிஸ்டரில் மணியைக் குறித்து, பக்கத்தில் அந்த எட்டு எழுத்தையும் எழுத வேண்டும். அர்த்தத்தை யாரும் சொல்லித் தரவில்லை, எழுதி எழுதி அவருக்கே விளங்கிவிட்டது. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறார்கள், லைன் கிடைத்தால் வந்துவிடும். அவ்வளவுதான்.

அறுபத்தேழாம் வருஷம், ஐப்பசி மழை. காலையில் கேட் சாத்தியிருந்தபோது இரண்டு பெண்கள் நனைந்துகொண்டு வந்து நின்றார்கள். கூடை இல்லை, திட்டும் இல்லை. இளையவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் கெங்கம்மாள், கூட வந்தவள் அவள் நாத்தனார் மணியம்மாள்.

“இன்னாம்மா, எதுக்கு அழுவுறே?” என்றார் துலுக்காணம்.

மணியம்மாள்தான் பதில் சொன்னாள். “என் தம்பி கலியன் மீனு புடிக்க ஏரிக்குப் போயி அஞ்சு நாளாச்சு, திரும்பல நைனா. நேத்து தந்தி வந்துடுச்சி. நாளைக்கு விடிஞ்சா இவளுக்குத் தாலி எறக்கறாங்க. கோடிச்சேலை எடுத்தாரச் சொல்லி கும்முடிப்பூண்டில இவ பொறந்த ஊட்டுக்குப் போய்க்கினு கீறோம்.”

“தந்தில இன்னா எழுதிக்கீது?”

“யாரு படிச்சாங்க? தந்தின்னா சாவுதான?”

அவர்கள் குப்பத்தில் அப்படித்தான். தந்தி வந்தால் பிரிப்பதற்கு முன்பே ஒப்பாரி தொடங்கிவிடும். கெங்கம்மாள் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்த காகிதத்தைத் துலுக்காணம் வாங்கிப் பார்த்தார். நடுவில் அந்த எட்டு எழுத்து.

“இரும்மா. இது சாவு சேதி இல்ல. உன் புருசனை எங்கியோ நிறுத்தி வச்சிக்கினு கீறாங்க.”

சொல்லிவிட்டாரே தவிர, மறுநிமிஷமே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ரயிலுக்கு எழுதுகிற வார்த்தை மனுஷனுக்கும் பொருந்துமா? பொருந்தாவிட்டால், தாலி இழக்கப் போகிறவளுக்கு ஆசை காட்டிய பாவம் யாரைச் சேரும்? கேட்டில் இருந்த போன் ரயில் சேதிக்கு மட்டும்தான். சொந்தப் பேச்சு பேசினால் மெமோ நிச்சயம். வருவது வரட்டும் என்று போனின் கைப்பிடியைச் சுற்றினார்.

“சார், மனுசனை டீடெய்ன் பண்ணுவாங்களா சார்?”

ஸ்டேஷன் மாஸ்டர் எரிந்து விழுந்தார். “காலங்காத்தால என்னய்யா கேள்வி? போலீஸ்காரன் பண்ணுவான்.”

“செத்தவனைப் பண்ணுவாங்களா சார்?”

“செத்தவனை எதுக்குய்யா பிடிச்சு வைக்கணும்? உயிரோட இருக்கறவனைத்தான் பண்ணுவாங்க. போனை வை!”

துலுக்காணம் வந்து அதை அப்படியே சொன்னார். கெங்கம்மாள் ஈரத் தரையில் உட்கார்ந்தாள். தலையைத் தூக்கி, “அண்ணா, சோறு எதுனா கீதா? அஞ்சு நாளா ஒண்ணும் துன்னல” என்றாள்.

அவருடைய கூழ்த்தூக்கு காலியானது. மணியம்மாள் கும்மிடிப்பூண்டிக்குப் போகாமல் அவளை ஊருக்கே திருப்பி அழைத்துப் போனாள்.

பழவேற்காடு ஏரியில் எந்த நாள் எந்த ஊருக்கு என்று முறை வைத்திருப்பார்கள். புயல்காற்று கலியனின் படகை வடகரைக்குத் தள்ளிவிட, அது வேறு ஊர்க்காரர்களின் முறை. வலையோடு பிடித்துச் சூளூர்ப்பேட்டை பக்கம் போலீசில் ஒப்படைத்துவிட்டார்கள். தந்தி வந்ததும் அங்கிருந்துதான். விசாரித்து அனுப்பியபோது அவன் ஏரிக்குப் போய் ஒன்பது நாளாகியிருந்தது.

விட்டதும் கலியன் நேரே கேட்டுக்குத்தான் வந்தான், கெங்கம்மாளோடு. கும்பிடப்போன கையைத் துலுக்காணம் பிடித்துக்கொண்டார். அந்த நாலு நாளும் அவர் சரியாகத் தூங்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது. முன்பின் பார்த்திராத அந்த மனிதனின் கையைத் தடவித் தடவிப் பார்த்து, “வந்துட்டியாப்பா, வந்துட்டியா” என்று அழுதார்.